இதயத்தைப் பார்ப்பவர்கள் பாதத்தையும் பார்க்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் 29 உலக இதய தினத்தையும் நவம்பர் 14 உலக நீரிழிவு தினத்தையும் ஒட்டி நாளிதழ்களில் ஆண்டுதோறும் நல்ல கட்டுரைகள் வருகின்றன. எண்ணெயைக் குறைக்க வேண்டும், நடக்க வேண்டும், புகையை விட வேண்டும் என்று அவை சொல்வதெல்லாம் சரியே. ஆனால் அவற்றில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் உறுப்பு ஒன்று உண்டு, அது பாதம். அறுவை சிகிச்சைப் பிரிவிலும் புண்ணுக்குக் கட்டுப்போடும் அறையிலும் நெடுங்காலம் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில், இதயத்தைக் காக்கும் அன்றாடப் பழக்கங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பாதத்தையும் சேர்த்தே பேச வேண்டும் என்பதை வலியுறுத்தி இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இதயத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளில் கொழுப்புப் படிந்து வழியைக் குறுக்கும் அதே கோளாறுதான் கால்களுக்குச் செல்லும் தமனிகளையும் அடைக்கிறது. புகைப்பழக்கம், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, ரத்தத்தில் மிகுந்துவிட்ட கெட்ட கொழுப்பு ஆகியவை இரண்டு இடங்களுக்கும் பொதுவான காரணங்கள். எனவே காலில் அடைப்பு உள்ளவருக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பது மருத்துவர்கள் நன்கறிந்த உண்மை. நோயாளிகளுக்குத்தான் அது தெரிவதில்லை. குறிப்பிட்ட தூரம் நடந்ததும் கெண்டைக்கால் சதை இறுக்கிப் பிடித்து வலிப்பதும், சில நிமிடங்கள் நின்றால் அந்த வலி தானாக விட்டுப்போவதும், மறுபடி நடந்தால் ஏறத்தாழ அதே தூரத்தில் திரும்ப வருவதும் அந்த அடைப்பின் அடையாளம். சமதளத்தில் தாமதமாக வரும் வலி மேட்டில் ஏறும்போது சீக்கிரமே வந்துவிடும். ஏற்காடு அடிவாரச் சாலையில் காலைநடைக்கு வருவோரில், மேடு தொடங்கும் இடத்தில் கைப்பேசியைப் பார்ப்பதுபோல் நின்று நின்று போகிறவர்களைக் கவனித்திருக்கிறேன். கேட்டால், “ஒண்ணுமில்லைங்க, கால் புடிச்சுக்குது” என்பார்கள். வாதம், நரம்புச் சுருட்டு, வயது என்று ஏதோ ஒரு பெயரை அதற்குச் சூட்டித் தைலம் தேய்த்துக்கொண்டே ஆண்டுகளை ஓட்டிவிடுகிறார்கள்.

இதைக் கண்டறிய எடுத்த எடுப்பிலேயே ஆஞ்சியோகிராம் தேவையில்லை. கணுக்காலில் எடுக்கும் ரத்த அழுத்தத்தைக் கையில் எடுக்கும் ரத்த அழுத்தத்தால் வகுத்துப் பார்க்கும் எளிய பரிசோதனை இருக்கிறது. அந்த விகிதம் 0.9-க்குக் கீழே இருந்தால் காலில் அடைப்பு இருப்பதாகக் கொள்வார்கள். நெடுநாள் சர்க்கரை நோயாளிகளின் தமனியில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து விறைத்துப் போயிருந்தால் இந்த எண் கூடுதலாகக் காட்டி ஏமாற்றிவிடும் என்பதால், அவர்கள் எண்ணை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது. வீட்டில் நாமே பார்க்கக்கூடியதும் உண்டு. பாதத்தின் மேற்புற நடுவில், கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையிலிருந்து மேல்நோக்கிப் போகும் நேர்க்கோட்டில், இரண்டு விரல்நுனிகளை அழுத்தாமல் வைத்தால் நாடித்துடிப்புத் தெரியும். உட்புறக் கணுக்கால் மொழிக்குப் பின்னால் இன்னொன்று துடிக்கும். பழகாத விரலுக்கு அது எளிதில் அகப்படாது என்பதால் கிடைக்கவில்லையே என்று பதற வேண்டாம். ஆனால் ஒரு பாதம் மற்றதைவிடக் குளிர்ந்தும் நிறம் மாறியும் இருந்தாலோ, கால் முடி உதிர்ந்து தோல் மினுமினுத்தாலோ, இரவில் படுத்தபின் வலித்துக் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால்தான் இதமாக இருக்கிறது என்றாலோ, மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடக் கூடாது.

வலி இருந்தாலாவது மருத்துவரிடம் போவோம். சர்க்கரை நோய் நரம்பைக் கெடுத்துவிட்டால் வலியே தெரியாது என்பதுதான் பெரிய ஆபத்து. இதை உலகுக்குத் தெளிவாக எடுத்துக்காட்டியவர்களில் ஒருவர் நம் பக்கத்து மலையில் பிறந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரியும்வரை சேலம் மாவட்டத்தோடு இருந்த கொல்லிமலையில் 1914-இல் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பணியாற்ற வந்தார். தொழுநோய் விரல்களை அரித்துத் தின்றுவிடுகிறது என்று அக்காலத்தில் நம்பப்பட்டது. அவரோ, நோய் உணர்ச்சியைத்தான் பறிக்கிறது, உணர்ச்சியற்ற கைகால்களில் அன்றாடம் படும் காயங்களும் சூடுகளும் கவனிக்கப்படாமல் புழுத்துப்போவதால்தான் விரல்கள் போகின்றன என்று கண்டறிந்தார். பின்னாளில் அமெரிக்காவில் அவர் பணியாற்றியபோது அதே பாடம் சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் பொருந்தியது. இன்று மருந்துக்கடைகளிலும் செருப்புக்கடைகளிலும் ‘எம்.சி.ஆர். செருப்பு’ என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த மெத்தென்ற ரப்பர் முதலில் தொழுநோயாளிகளின் உணர்ச்சியற்ற பாதங்களுக்குப் பயன்பட்டு, அங்கிருந்து சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கு வந்ததுதான்.

வலி தெரியாத பாதம் எப்படி இருக்கும் என்பதைச் சொன்னால் நம்புவது கடினம். செருப்பு எங்கோ கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் பேருந்து நிலையத்திலிருந்து வீடுவரை நடந்து வந்தவர்கள் உண்டு. செருப்புக்குள் கிடந்த ஜல்லிக்கல்லோடு நாள் முழுவதும் நடந்து, மாலையில் செருப்பில் ஒட்டியிருந்த ரத்தத்தைப் பார்த்தபின்தான் காயத்தை அறிந்தவர்களும் உண்டு. தரையில் பாய்விரித்துப் படுக்கும் வீடுகளில், இரவில் எலி விரலைக் கடித்தது தெரியாமல் உறங்கிக் காலையில் பாயில் ரத்தத்தைக் கண்டு திகைத்து ஓடிவந்தவர்களுக்கு நானே கட்டுப் போட்டிருக்கிறேன். இதே நரம்புக்கேடு இதயத்தின் வலியையும் மறைத்துவிடும் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். நெடுநாள் சர்க்கரை நோயாளிக்கு நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம். திடீர் வியர்வை, மூச்சிரைப்பு, குமட்டல், சொல்லத் தெரியாத தளர்ச்சி ஆகியவை மட்டுமே அதன் அறிகுறிகளாக இருக்கக்கூடும். “கேஸ் புடிச்சிருக்கு, ஒரு சோடா குடிச்சாச் சரியாயிடும்” என்று சொல்லி விலைமதிப்பற்ற முதல் ஒரு மணி நேரத்தைச் சோடாவிலும் இஞ்சிச் சாற்றிலும் கரைத்துவிடுகிற வழக்கம் நம் வீடுகளில் இன்னும் ஒழியவில்லை. பாதம் மரத்துப்போனவர் தம் நெஞ்சின் வலியையும் முழுவதும் நம்பக் கூடாது. சந்தேகம் வந்தால் 108-ஐ அழைப்பதே முறை.

ஆகவே சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ உள்ள ஒவ்வொருவரும் இரவு படுக்கும்முன் பாதத்தைக் கழுவித் துடைத்து ஒருமுறை பார்த்துவிட வேண்டும். விரலிடுக்குகளை ஈரம் போகத் துடைப்பது முக்கியம். அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும், அந்த வெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே போகும். குதிகால் வறண்டு பித்தவெடிப்பு இருந்தால் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவலாம். விரலிடுக்கில் மட்டும் தடவக் கூடாது. குனிய முடியாத முதியவர்கள் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து அதன்மேல் பாதத்தை உயர்த்திப் பிடித்துப் பார்க்கலாம். பேரப் பிள்ளைகளிடம் கொடுத்தால் கைப்பேசியில் உள்ளங்காலைப் படமெடுத்துப் பெரிதாக்கிக் காட்டிவிடுவார்கள். நேற்றைய படமும் இன்றைய படமும் பக்கத்தில் இருந்தால் புதிதாக வந்த சிவப்பு எது, பழைய தழும்பு எது என்பதும் விளங்கிவிடும். கால் ஆணியைப் பிளேடால் சீவுவதும், ஆணிக்கு ஒட்டும் மருந்துப் பட்டைகளைத் தாமாக வாங்கி ஒட்டுவதும், மரத்துப்போன காலை வெந்நீரில் ஊறவைப்பதும் அறவே கூடாதவை. நீர் எவ்வளவு சூடு என்பதை அந்தக் கால் சொல்லாது, கொப்புளம்தான் சொல்லும்.

காயம் பட்டுவிட்டால் நம்மவர்கள் முதலில் தேடுவது அடுப்படியைத்தான். காப்பி விளையும் சேர்வராயன் மலையானாலும் கீழே நகரமானாலும் காயத்தில் காப்பித்தூளை அப்புவது பரவலான வழக்கம்; மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். கட்டுப்போடும் அறையில், கன்றிக் கறுத்த காப்பித்தூள் அடையை ஈரப் பஞ்சால் ஊறவைத்து ஊறவைத்துப் பெயர்த்தெடுத்த பின்புதான் அடியில் புண் எவ்வளவு ஆழம் என்பதே தெரியவரும். சில நேரங்களில் மேலே காய்ந்த பொருக்கும் உள்ளே எலும்புவரை சீழுமாக இருக்கும். சுத்தமான தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் மூடி, அன்றைக்கே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவதற்கு மேலான முதலுதவி வேறில்லை. சிவந்து சூடாக வீங்கினாலும், நாற்றம் வந்தாலும், விரல் கறுத்தாலும், காய்ச்சல் கண்டாலும் மறுநாள்வரை காத்திருப்பதே தவறு.

செருப்பைப் பற்றி ஒரு சொல். மாலையில் கால் சற்றுப் பெருத்திருக்கும் என்பதால் செருப்பை மாலையில் வாங்குவதே நல்லது. கட்டைவிரலிடுக்கில் வார் அறுக்கும் ரப்பர் செருப்பு மரத்த காலுக்கு ஆகாது. பின்னால் பட்டை வைத்த, முன்பக்கம் அகன்ற, மெத்தென்ற அடி உள்ள செருப்பு வேண்டும். போடும்முன் கவிழ்த்து ஒருமுறை தட்டுவது, மலையில் தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்குப் பழகிய செயல்தான். நகரத்தில் உள்ளவர்களும் அதைக் கற்றுக்கொள்ளலாம். இங்கே ஒன்றைத் துணிந்து சொல்கிறேன். நாட்டுக்கே வெள்ளிக் கொலுசு செய்து கொடுக்கும் ஊர் நம் சேலம். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு அளவு பார்க்கும்போது மட்டும்தான் நம் வீட்டுப் பெண்களின் காலை யாராவது உற்றுப் பார்க்கிறார்கள் போலும். கல்யாணத்தன்று போட்ட மெட்டி, விரல் பருத்தபின்னும் கழற்றப்படாமல் சதைக்குள் புதைந்துகிடப்பதையும், அதன் அடியில் அழுக்கும் ஈரமும் சேர்ந்து புண்ணாகியிருப்பதையும் பலமுறை கண்டிருக்கிறேன். மெட்டியைக் கழற்றிப் பெரிதாக்கி மாட்டிக்கொள்வதால் மஞ்சள் குங்குமத்துக்கு எந்தக் குறையும் வந்துவிடாது. வீக்கம் இருக்கும் நாளில் இறுக்கமான கொலுசையும் அப்படியே கழற்றி வைக்கலாம்.

கோயில் விஷயம் இன்னும் நுட்பமானது. பங்குனி, சித்திரை மதியவேளையில் பிரகாரத்துக் கருங்கல் தளத்தில் நடக்கும்போது நல்ல கால் உள்ளவர்கள் குதித்துக் குதித்து ஓடிவிடுவார்கள். மரத்த கால் உள்ளவர்களோ நிதானமாக நடந்து, உள்ளங்கால் முழுதும் கொப்பளித்தபின் வீட்டில்தான் காண்பார்கள். எடப்பாடிப் பகுதியிலிருந்து தைப்பூசத்தை ஒட்டிப் பழனிக்குக் காவடியோடு நடந்துபோகும் மரபும், மாலையணிந்து செருப்பில்லாமல் விரதமிருக்கும் மரபும், ஆடியில் நம் மாரியம்மன் கோயில்களில் நேர்ந்துகொள்ளும் தீமிதியும் பக்தியில் ஊறியவை; அவற்றைக் குறைசொல்ல நான் யாருமல்ல. ஆனால் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டதென்று மருத்துவர் சொன்னவர்கள், அதே வேண்டுதலை முடி காணிக்கையாகவோ அன்னதானமாகவோ மாற்றிக்கொள்வதை எந்தத் தெய்வமும் ஏற்கும் என்றே நம்புகிறேன். சில கோயில்களில் நடைபாதைக்குத் தேங்காய்நார் விரிப்புப் போட்டு நீர் தெளிக்கிறார்கள். வெள்ளை வண்ணம் பூசுகிறார்கள். சேலத்தின் எல்லாக் கோயில்களிலும் கோடையில் இதைச் செய்யும்படி அறநிலையத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

பாதம் இதயத்தின் நிலையை வேறொரு விதத்திலும் காட்டிக்கொடுக்கும். இதயம் ரத்தத்தை இறைக்கும் வலுவை இழக்கும்போது இரண்டு கால்களிலும் நீர் கோத்துக்கொள்கிறது. முன்கால் எலும்பின் மேல் கட்டைவிரலால் சில நொடிகள் அழுத்தி எடுத்தால் குழி விழுந்து மெதுவாக மேலெழும். அதோடு மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவதும், மல்லாந்து படுக்க முடியாமல் தலையணைமேல் தலையணை வைப்பதும், மூன்று நாளைக்குள் உடல் எடை இரண்டு கிலோவுக்கு மேல் ஏறுவதும் சேர்ந்தால் உடனே இதய மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு கோளாறுகளாலும் கால் வீங்கும். ரத்தக்கொதிப்புக்குக் கொடுக்கும் அம்லோடிபின் மாத்திரையாலும் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அதற்காக மாத்திரையைத் தாமே நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். அன்றே போக வேண்டிய நோய் அது. ஜவுளிக்கடையில் நாள் முழுவதும் நிற்கும் பிள்ளைகளுக்கும் நடத்துநர்களுக்கும் வரும் நரம்புச் சுருட்டுக்கு இறுக்கமான காலுறை நல்லதுதான். ஆனால் தமனியில் அடைப்பு உள்ளவர் அதை மாட்டினால் வருகிற கொஞ்ச ரத்தமும் நின்றுவிடும் என்பதால் சோதித்த பின்பே அணிய வேண்டும்.

நடை, உப்பு, புகையிலை என்ற மூன்றும் இதயத்துக்கும் காலுக்கும் சேர்ந்தே பயன்தருபவை. வாரத்துக்கு 150 நிமிட மிதமான நடையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. கால் தமனியில் அடைப்புள்ளவர்களுக்கு நடையே மருந்து. வலி வரும்வரை நடந்து, நின்று, வலி அடங்கியபின் மீண்டும் நடப்பதை மருத்துவர் மேற்பார்வையில் சில மாதங்கள் தொடர்ந்தால் வலியின்றி நடக்கும் தூரம் கூடும். பாதத்தில் புண் இருப்பவர் மட்டும் அது ஆறும்வரை நடையைத் தவிர்க்க வேண்டும். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டிக்குள், இருக்க வேண்டும் என்கிறார்கள். சமையலில் குறைத்துவிட்டு மாலையில் தட்டுவடை செட்டும், சாப்பாட்டில் ஜவ்வரிசி வடகமும் ஊறுகாயும் வைத்துக்கொண்டால் கணக்கு எங்கே நிற்கும்? தட்டுவடையை அடியோடு விடச் சொன்னால் சேலத்துக்காரர் யாரும் என்னோடு பேச மாட்டார்கள். வாரத்துக்கு ஒருநாள் என்று வைத்துக்கொள்ளட்டும். புகையிலை விஷயத்தில் அந்தச் சலுகையும் கிடையாது. பீடி, சிகரெட்டால் இளவயதிலேயே கால் ரத்தக்குழாய்கள் அடைத்து விரல்கள் கறுத்துப்போன ஆண்களைப் பார்த்திருக்கிறேன். புகையை முழுவதும் விட்டவரின் கால் நின்றது, ஒன்றிரண்டு என்று தொடர்ந்தவரின் கால் போனது.

அரசின் திட்டங்களுக்கும் குறைவில்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. 2023-இல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருவோருக்கு ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாடின் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் தவணையாகக் கொடுத்துவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலம் வரவேண்டிய ஏற்காட்டு மக்களுக்கும், அதற்கும் அப்பால் உள்ள மலைக் கிராமத்தாருக்கும் இது உயிர்காக்கும் ஏற்பாடு. சர்க்கரை நோயாளிகளின் கால்களைக் காப்பதற்கென்றே ‘பாதம் பாதுகாப்போம்’ என்ற திட்டமும் இருக்கிறது. இவை தனித்தனி வாசல்களாக இருப்பதுதான் என் குறை. மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வரும் சகோதரி, ரத்த அழுத்தம் பார்த்த கையோடு பாதத்தையும் பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும். தோலில் தொட்டதும் 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழை ஒன்றுதான் உணர்ச்சிப் பரிசோதனைக்கு வேண்டிய கருவி; அது சட்டைப்பையில் அடங்கும்.

மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. நம் ஊரில் பெரும்பாலான மருத்துவர்களின் அறை வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறோம். ஆகவே நோயாளியின் பாதம் ஏற்கெனவே வெறுங்காலாகத்தான் அவர்கள் முன் இருக்கிறது; குனிந்து பார்ப்பது ஒன்றுதான் பாக்கி. அவர்கள் பார்க்க மறந்தால், “என் காலையும் ஒருதரம் பாத்துடுங்க டாக்டர்” என்று கேட்பதற்கு நோயாளிகள் கூச்சப்பட வேண்டியதில்லை. காலை மருத்துவர் முன் நீட்டுவது மரியாதைக் குறைவு என்ற எண்ணத்தாலேயே புண்ணைப் புடவைக் கரைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பிப் போன மூதாட்டிகளை நான் அறிவேன்.

மாநகராட்சியும் பூங்காக்களிலும் நடைப்பயிற்சிப் பாதைகளிலும் சிறு சிறு இடைவெளியில் உட்கார இருக்கைகள் அமைத்தால், நின்று நின்று நடக்க வேண்டியவர்கள் துணிந்து நடைக்கு வருவார்கள். தாங்களும், சேலம் மாவட்டத்தில் எந்தெந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில், எந்தக் கிழமையில், எத்தனை மணிக்குப் பாதப் பரிசோதனை செய்யப்படுகிறது என்ற விவரத்தைச் சுகாதாரத் துறையிடம் கேட்டுப்பெற்று, மலைக் கிராமங்களையும் விட்டுவிடாமல், மாவட்டச் செய்திப் பக்கத்தில் வெளியிட்டு உதவ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
கன்னங்குறிச்சி, சேலம்.